ஈரத்துணி கட்டிய பெட்டி

கல்குவாரியில் இருப்பவர்களுக்குக் காது மரத்துப்போகும். கிரஷர் ஓடும், டிப்பர் கொட்டும், பாறையில் துளைபோடும் மெஷின் விடிந்ததிலிருந்து அலறும். எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்து, கடைசியில் ஒன்றுமே கேட்காதது போல ஆகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில், மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு சின்ன விசிறி ஊளையிட ஆரம்பித்தது செவந்திக்கு மட்டும் கேட்டது. பங்குனி பிறந்த வாரம் அது. பத்து நாளில் ஊளை முனகலாக இறங்கியது. அதற்கப்புறம் மதிய நேரத்தில் அந்த முனகலும் இல்லை. பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று ஒடுங்கிக்கொண்டு வருகிறது என்று அவளுக்குப் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், கெடுத்தவள் நீதானே என்பார்கள்.

செவந்திக்கு நாற்பத்தொரு வயது. குளத்தூர்ப் பக்கம் பிறந்து, ஒன்பதாம் வகுப்போடு நின்று, விராலிமலையில் ஒரு நூல் மில்லில் நாலு வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள். கட்டிக்கொண்டது நல்லதம்பியை. அவன் பாறைக்குத் துளைபோடுகிறவன். பதினாறு வருஷம் போட்டான். இப்போது அடுப்படியிலிருந்து வாசலுக்கு நடந்தாலே மூச்சு இரைக்கிறது. அவன் வீட்டோடு உட்கார்ந்த பிறகு, அதே குவாரியில் எடைமேடை அறையில் செவந்திக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்றாள். மூன்று நாளில் கற்றுக்கொண்டாள். மகள் சரண்யா புதுக்கோட்டையில் நர்ஸிங் படிப்பது இவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால்தான். நாற்காலி போனால் அந்த வீட்டில் எதுவும் நிற்காது. அது அவளுக்கும் தெரியும், மேனேஜர் முத்துராமனுக்கும் தெரியும்.

வேலை என்னவென்றால், ஜல்லி ஏற்றின லாரி மேடையில் வந்து ஏறும். எடை திரையில் விழும். வண்டி நம்பரைத் தட்ட வேண்டும். தை மாதத்திலிருந்து நாலு மூலையிலும் கேமரா வைத்துவிட்டார்கள். முன்பக்கம், பின்பக்கம், மேலே லோடு, டிரைவர் முகம் என்று நாலு படம் பிடித்து ரசீதோடு சேர்க்க வேண்டும். ரசீது அச்சாகி வெளியே வந்தால்தான் முன்னால் இருக்கிற இரும்புத் தடுப்பு எழும். ரசீது இல்லாமல் ஈ கூட வெளியே போகக் கூடாது என்பது முத்துராமனின் சட்டம். கரண்ட் போனால் தடுப்பைக் கையால் திறக்க ஒரு சாவி இருந்தது. அதை ஒரு டப்பாவில் போட்டுச் சுவரில் மாட்டி, மூடியின் மேல் காகிதம் ஒட்டி, என்னைக் கேட்காமல் பிரிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்.

எடைமேடையிலிருந்து குழியை நோக்கிப் போகிற பாதையில், ஆறு லாரி நிற்கிற தூரத்தில், ஓரமாக ஒரு கல் கிடக்கும். ஆட்டுக்கல் அளவு இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெடியில் பறந்து வந்து, ஆளில்லாத டீக்கொட்டகையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கிய கல் அது. ஒருவருக்கும் அடியில்லை. மறுநாளே தொழிலாளிகள் அதற்குக் காவி பூசி, குங்குமம் வைத்து, விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சூடம் கொளுத்துவார்கள். சாமி இவ்வளவு தூரம்தான் என்று கோடு கிழித்துக் காட்டியிருக்கிறது என்று பேச்சு. நாளாக ஆக அதுவே சட்டமாகிவிட்டது. வெடி நேரத்தில் சிவப்புக் கல்லுக்கு உள்ளே ஆள் நிற்கக் கூடாது. கல்லைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் பயமில்லை.

கல்லுக்கும் எடைமேடைக்கும் நடுவில் ஒரு புங்கமரம் உண்டு. வெடிச் சங்கு ஊதினால், வரிசையில் உள்ளே மாட்டிக்கொண்ட டிரைவர்கள் வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அந்த மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெடியை வேடிக்கை பார்ப்பார்கள். வெடி தினமும் மதியம் ஒரு மணிக்கு. அதற்கு முன்னால் மூன்று தடவை சங்கு ஊதும், மூன்றாவதுக்கு அப்புறம்தான் வெடி.

பழைய நாளில் ஒரு வண்டியை அனுப்ப நாற்பது விநாடி ஆகும். பங்குனி பாதியில் அது காலை எட்டு மணிக்கு நாற்பது விநாடி, பதினொரு மணிக்கு இரண்டு நிமிஷம், பன்னிரண்டரைக்கு நாலு நிமிஷம் என்று ஆனது. மவுஸை நகர்த்தினால் திரையில் அம்பு பின்னாலேயே நொண்டிக்கொண்டு வரும். முதல் படம் விழுந்து இரண்டாம் படம் விழுவதற்குள் டிரைவர்கள் கீழே இறங்கி வந்து ஜன்னலில் முகத்தை வைத்துவிடுவார்கள். குணசேகரன் என்று ஒரு கீரனூர் டிரைவர், வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, நாலு போட்டோ எடுக்க இம்புட்டு நேரமா? கல்யாண ஆல்பமா போடுறீங்க?"

அவள் சிரித்துச் சமாளித்தாள். ஆனால் கண் அவனைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்தது. முன்பெல்லாம் பன்னிரண்டே முக்காலுக்குப் பாதை காலியாகிவிடும். இப்போது அந்த நேரத்துக்கு வரிசை சிவப்புக் கல்லைத் தாண்டி உள்ளே போகிறது. நேற்று இரண்டு வண்டி உள்ளே நின்றது. இன்று மூன்று. கல்லுக்கு உள்ளே நிற்கிற வண்டிகளை எண்ணுவது அவளுக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தப் பெட்டியை அவள் வைத்துக்கொண்ட மாதிரி யாரும் வைத்துக்கொண்டிருக்க முடியாது. குவாரியில் எல்லாரும் மூக்கையும் வாயையும் சுற்றி ஈரத்துண்டு கட்டுவார்கள். நல்லதம்பி பதினாறு வருஷமும் அப்படித்தான் கட்டினான். ஈரத்துணி இல்லாவிட்டால் அவன் எப்போதோ போயிருப்பான் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, அவனுடைய பழைய வேட்டியைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, பெட்டியின் முன்வாயை மூடி நூலால் கட்டிவிட்டாள். தினம் காலையில் புதுத் துணி. காய்ந்தால் மறுபடி நனைப்பாள். சாயங்காலம் துணியை அவிழ்த்து அலசினால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் போகும். இத்தனை தூசியும் உள்ளே போயிருக்க வேண்டியது என்று மனசு நிறையும். நாலு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

வெள்ளிக்கிழமை முத்துராமன் வந்தார். பத்து நிமிஷம் அவள் பின்னால் நின்று பார்த்தார். செல்போனை மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தாள். அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"காலையில ஓடுற பெட்டி மத்தியானம் மட்டும் ஏன் ஓட மாட்டேங்குது? அதுக்கும் பசிக்குதா?"

வெயில் ஏற ஏறத்தான் இப்படி ஆகிறது என்று அவள் சொன்னாள். வெயில் எனக்கும்தான் அடிக்கிறது, நான் வேலை பார்க்கவில்லையா என்றார் அவர். மதியம் வெடி நேரத்தில் வண்டி உள்ளே நிற்பது முதலாளி காதுவரை போயிருக்கிறதாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டு, திங்கட்கிழமையும் இதே கதை என்றால் வேறு ஆள் உட்காரும் என்றார். தன் மச்சினன் வசந்தகுமார் டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மாதான் இருக்கிறான் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். குரலை உயர்த்தவே இல்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ராஜா முகமது வந்தார். கீரனூரில் கடை வைத்திருக்கிறவர். ஐம்பது வயது, கையில் ஒரு தோல்பை, பேச்சு கொஞ்சம். மேஜைக்கு அடியில் குனிந்தவர் பெட்டியைத் தொடாமல் அப்படியே நின்றார்.

"இந்தத் துணிய யாரு கட்டுனது?"

"நான்தான் பாய். தூசி போகாம."

அவர் துணியை அவிழ்த்தார். பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். செவந்தி எட்டிப் பார்த்தாள். உள்ளே நடுவில் ஒரு விசிறி, அதற்குக் கீழே சீப்பு மாதிரி அலுமினியத் தகடுகள் இருக்க வேண்டும். தகடுகளே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி இருந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்டினார். டக் டக் என்றது. சிமெண்ட் தளத்தைத் தட்டின மாதிரி.

துணி பெரிய தூசியைத்தான் பிடித்தது, மாவு போன்ற பொடி நூலிழை வழியாகப் போய்விட்டது என்றார் அவர். காய்ந்த பொடியாகப் போயிருந்தால் ஊதினால் வந்துவிடும். ஈரத்தோடு போனதால் தகட்டில் பிடித்து இறுகிவிட்டது. போகிற காற்றையும் துணி பாதி அடைத்துவிட்டது. நாலு வருஷமாகத் தினம் ஒரு பூச்சு.

செவந்திக்கு அப்போது பெட்டி ஞாபகத்தில் இல்லை. வீட்டில், கயிற்றுக் கட்டிலில், நல்லதம்பியின் நெஞ்சு ஏறி இறங்குகிறது ஞாபகம் வந்தது. அவனும் ஈரத்துணிதான் கட்டினான்.

ராஜா முகமது பெட்டியை ஓடவிட்டுத் திரையில் இரண்டு எண்களைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்று சூடு, தொண்ணூற்றெட்டில் நின்றது. இன்னொன்று மேலே போவதும் கீழே விழுவதுமாக இருந்தது.

"இந்தத் தகட்டுக்கு அடியில இருக்கிறதுதான் பிராசஸர். அதுக்கு ஒரு துடிப்பு இருக்கு, தங்கச்சி. செகண்டுக்கு முந்நூறு கோடித் தடவை அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் சூடு. அந்தச் சூட்டத் தகடு வாங்கி விசிறிக்குக் குடுக்கணும். இங்க வாங்குறதுக்கு ஆளில்ல. சூடு நூறத் தொடப் போகுதுன்னா அதுவே அடிக்கிறதக் கொறச்சுக்கும். பாரு, எண்பது கோடிக்கு வந்துருச்சு."

"அப்ப ரிப்பேர் இல்லையா?"

"ரிப்பேர் தகட்டுல. இது ரிப்பேர் இல்ல. உசுரக் காப்பாத்திக்க மெதுவாப் போகுது. லோடு வண்டி மேட்டுல ஏறுறப்ப ஹீட் முள்ளு செகப்புக்குப் போனா டிரைவர் என்ன பண்ணுவாரு? கால எடுப்பாருல்ல. அதுதான்."

வேலை இல்லாமல் சும்மா கிடக்கும்போதும் கரண்டை மிச்சம் பிடிக்க அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது நல்லதுக்கு. இது பயத்தில் குறைப்பது என்றார். தை மாதத்தில் கேமரா வேலையை வேறு ஏற்றிவிட்டீர்கள், வெயிலும் சேர்ந்துகொண்டது என்றார். தகடு, விசிறி, நடுவில் தடவுகிற பசை எல்லாம் புதிதாகப் போட வேண்டும். திருச்சியிலிருந்து வர புதன்கிழமை ஆகும். அதுவரை மெதுவாகத்தான் ஓடும், ஓடட்டும், துணி மட்டும் கட்டாதே.

முத்துராமனுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவர் பேசியது இவளுக்கும் கேட்டது. புதன்கிழமை எல்லாம் இல்லை, திங்கட்கிழமை வேகம் வேண்டும், மெதுவாக ஓடுவதை நிறுத்த வழி உண்டா இல்லையா என்றார். ராஜா முகமது ஒரு கணம் தாடியைத் தடவினார். பெட்டியை அணைத்துப் போட்டு, ஒரு விசையைத் தட்டித் தட்டி, பெட்டியின் உள்ளமைப்பை மாற்றுகிற நீலத் திரை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் நாலாவது பக்கம், கடைசி வரி.

"வழி இருக்கு சார். எல்லா மெஷின்லயும் இருக்காது, இதுல இருக்கு. இத ஆப் பண்ணிட்டா சூட்டப் பார்த்து மெதுவாகாது. ஓடும். ஆனா அதுக்கு மேல இன்னொரு எல்லை இருக்கு. அத நம்ம கையால ஒண்ணும் பண்ண முடியாது. அங்க போனா சொல்லாமக் கொள்ளாம அணைஞ்சிரும். நான் செய்ய மாட்டேன் சார். நாளைக்கு என் பேருதான் கெடும்."

அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு நீலத் திரையை மூடினார். பூரானைப் பார்த்த மாதிரி திரையைப் பார்த்து, அதைத் தொடாதே என்று அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். அவளோ எத்தனை தடவை எந்த விசையைத் தட்டினார் என்பதை எண்ணி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்கு அந்த நாலாவது பக்கம்தான். சரண்யா போனில் பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். இவள் சரி சரி என்றாள்.

திங்கட்கிழமை விடியும்போதே வானம் சரியில்லை. காற்றே இல்லை. ஏழரை மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது. எடைமேடை அறையைத் திறந்து உட்கார்ந்தவள், பெட்டியை ஓடவிட்டு, விசையைத் தட்டினாள். நீலத் திரை வந்தது. நாலாவது பக்கம். கடைசி வரி. விரல் ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது. புதன்கிழமைவரை ஓடினால் போதும், மூன்று நாள், அதற்கப்புறம் மறுபடி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அமுக்கினாள்.

அன்றைக்குப் பெட்டி ஓடிய ஓட்டம் அவள் அதுவரை பார்க்காதது. பதினொரு மணிக்கு நாற்பது விநாடி. பதினொன்றரைக்கும் நாற்பது விநாடி. படங்கள் படபடவென்று விழுந்தன. முத்துராமன் எட்டிப் பார்த்துவிட்டு, சொன்னால்தான் உறைக்கும் போல என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போனார். செவந்தி மேஜைக்கு அடியில் காலை நீட்டினாள். பெட்டியின் பக்கத்துத் தகடு காலில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வெடி மேஸ்திரி தங்கமுத்து தண்ணீர் குடிக்க வந்தார். முப்பது வருஷமாக மருந்து வைக்கிறவர். எப்போதும் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். அன்று சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். விராலிமலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. தூரத்தில் ஒரு தடவை வெளிச்சம் வெட்டியது. சத்தம் வரவில்லை.

அவருடைய வேலையில் மின்னலை விடக் கெட்டது ஒன்றில்லை. குழிகளில் மருந்து இறக்கி, ஒவ்வொன்றிலும் மருந்தைக் கிளப்புகிற கேப்பு வைத்து, வயரால் எல்லாவற்றையும் கோத்துவிட்டால், அப்புறம் அது மனிதன் கையில் மட்டும் இல்லை. பக்கத்தில் மின்னல் இறங்கினால் தானாகவே கிளம்பிவிடும். அன்றைக்கு மருந்து ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. திரும்ப எடுக்க முடியாது. ஒரு மணிவரை பொறுக்க வேண்டும் அல்லது சீக்கிரம் போட்டுவிட வேண்டும். அரை மணி முன்னாலேயே முதல் சங்கு ஊதச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

அவர் போகும்போதுதான் செவந்தி அதைப் பார்த்தாள். அவருடைய ஆட்கள் வயர் உருளையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஏழு வருஷமாக அந்த வயர் புங்கமரத்தடி வரைக்கும்தான் வரும். அங்கே ஒரு இரும்புத் தகட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் தங்கமுத்து வெடியைக் கிளப்பும் கைப்பெட்டியைத் திருகுவார். அன்று வயர் மரத்தைத் தாண்டியது. எடைமேடையைத் தாண்டியது. அறைக்குப் பின்னால், தடுப்புக்கும் வெளியே, கான்கிரீட் தொட்டி மறைவில் போய் நின்றது.

வெளியே ஓடி வந்து கேட்டாள். தங்கமுத்து வயரின் முனையைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்கு மேஸ்திரி இம்புட்டுத் தூரம்?"

"கேக்காத ஆத்தா."

"கல்லுதான் அங்க இருக்குல்ல?"

"கல்லு அன்னைக்கு வெச்ச மருந்துக்கு விழுந்த கல்லு. இன்னைக்கு வைக்கச் சொன்னது வேற அளவு. வண்டியள வெளிய அனுப்பு. மரத்தடியில ஒருத்தன் நிக்கக் கூடாது."

முதல் சங்கு ஊதியது. அறைக்குத் திரும்பி ஓடினாள். வரிசையில் பதினொரு வண்டி. ஆறு கல்லுக்கு வெளியே, ஐந்து உள்ளே. நாற்பது விநாடி என்றால் பதினொரு வண்டிக்கு எட்டு நிமிஷம் கூட ஆகாது. தாராளமாகப் போய்விடும். முதல் வண்டி மேடையில் ஏறியது. எடை விழுந்தது. நம்பரைத் தட்டினாள். முதல் படம். இரண்டாம் படம்.

திரை கறுத்தது.

ஒரு சத்தமும் இல்லை. அறையில் மற்ற எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. லைட் எரிந்தது. பெட்டி மட்டும் இல்லை. பட்டனை அமுக்கினாள். வந்தது, எழுத்து ஓடியது, மறுபடி கறுத்தது. மறுபடி அமுக்கினாள். இந்தத் தடவை எழுத்துக்கூட வரவில்லை. வேட்டித் துணி வாளியில் நனைந்து கிடந்தது. ஒரு கணம் அதை எடுத்துப் பெட்டியின் மேல் போடத்தான் கை போனது. இழுத்துக்கொண்டாள்.

முத்துராமனுக்குப் போன் போட்டாள். பெட்டி அணைந்துவிட்டது, சாவி டப்பாவைப் பிரிக்கட்டுமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரசீது இல்லாம ஒரு வண்டி போகக் கூடாது. டிரைவருங்கள மரத்தடிக்கு வரச் சொல்லு. வெடி போட்டதும் நான் வாரேன்."

இன்றைக்கு வயர் மரத்தைத் தாண்டிப் போயிருக்கிறது என்று சொன்னாள். கல்லுக்கு வெளியேதானே மரம் என்றார். வைத்துவிட்டார்.

ஜன்னல் வழியே பார்த்தாள். டிரைவர்கள் இறங்கிவிட்டார்கள். குணசேகரன் முன்னால் வந்தான், அவன் பின்னால் மற்றவர்கள், துண்டை உதறிக்கொண்டு, புங்கமரத்தை நோக்கி. ஒருத்தன் போகிற வழியில் சிவப்புக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மரத்தடி ஆபத்து என்றால் இவர்கள் நம்ப மாட்டார்கள், வண்டி போக வழி கிடைத்தால்தான் கிளம்புவார்கள். மேற்கே மறுபடி வெட்டியது. இந்தத் தடவை சத்தமும் வந்தது.

செவந்தி சுவரிலிருந்த டப்பாவை இழுத்தாள். காகிதம் கிழிந்தது. கையெழுத்தும் சேர்ந்து கிழிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடித் தடுப்பின் அடியில் செருகித் திருகினாள். இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் திருகினாள். தடுப்பு ஒரு முழம் எழுந்து நின்றது. தோளைக் கொடுத்துத் தூக்கினாள்.

"எல்லாரும் வண்டியில ஏறுங்க! நிக்காமப் போங்க!"

அவள் கத்தி அவர்கள் கேட்டதில்லை. குணசேகரன் ரசீது என்று ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். திரும்பி ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள். இரண்டாம் சங்கு ஊதியது. மேடையில் நின்ற வண்டி போனது. அடுத்தது. அடுத்தது. எடை காட்டும் சிவப்பு எண் ஏறி ஏறி இறங்கியது, எழுதிக்கொள்ள ஆளில்லை. அவள் தடுப்பைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்று எண்ணினாள். ஏழு. எட்டு. ஒன்பது. பத்தாவது வண்டி குணசேகரனுடையது. அவன் ஜன்னல் வழியே கையை நீட்டி அவளையும் வா என்று காட்டினான். பதினொன்றாவது வண்டி கல்லைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, மேடையில் ஏறி, தடுப்பைக் கடந்தது. அவள் தடுப்பை விட்டுவிட்டுத் தொட்டியை நோக்கி ஓடினாள்.

தொட்டி மறைவில் தங்கமுத்து குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். திருகும் பெட்டி அவர் முன்னால் தரையில் இருந்தது. இரண்டு கையும் முழங்காலில் இருந்தன. மூன்றாவது சங்கு இன்னும் ஊதவில்லை. மேற்கே ஒரே வெள்ளையாக ஒரு வெட்டு வெட்டியது. அதன் சத்தத்துக்கு முன்னால் தரை அசைந்தது.

தங்கமுத்து தன் கைகளையே பார்த்தார். பெட்டியை அவர் தொடவில்லை.

தூசி அடங்கக் கால்மணி நேரம் ஆனது. அப்புறம் நடந்து போய்ப் பார்த்தார்கள். சிவப்புக் கல்லைச் சுற்றி ஒரு சில்லு கூட இல்லை. குங்குமம் அப்படியே இருந்தது. அதற்கு இங்கிட்டு முப்பதடி தள்ளி, புங்கமரத்தின் பாதி தரையில் கிடந்தது. மரத்தடியில், டிரைவர்கள் உட்காரும் சிமெண்ட் திட்டு இருந்த இடத்தில், ஒரு பாறை முழங்கால் ஆழத்துக்கு மண்ணில் இறங்கி நின்றது. சிவப்புக் கல்லைப்போல் நாலு மடங்கு. அதில் இன்னும் மருந்து வாடை அடித்தது. பக்கத்தில் ஒரு பீடிக்கட்டு கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

முத்துராமன் வந்தார். பாறையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். தங்கமுத்துவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஐந்து நிமிஷம் பேசினார். அரை மணி நேரத்தில் லோடர் வந்து பாறையை அள்ளிக்கொண்டு போய்க் கிரஷர் வாயில் போட்டது. நாலு மணிக்குள் அது ஜல்லியாகிவிட்டது. பள்ளத்தில் மண்ணைத் தள்ளி உருளை விட்டார்கள். விழுந்த மரத்தை வெட்டி எடுத்தார்கள். காற்றில் ஒடிந்தது என்றார்கள்.

செவந்தியைக் கூப்பிட்டு முத்துராமன் இரண்டு விஷயம் கேட்டார். பதினொரு வண்டி ரசீது இல்லாமல் போனது உண்மையா. கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்தது உண்மையா. இரண்டும் உண்மை என்றாள். நீலத் திரையில் கடைசி வரியை மாற்றியதையும் அவளே சொன்னாள். கேட்காமலேயே சொன்னாள்.

"கல்லு விழுந்துச்சே சார்."

"எந்தக் கல்லு? ஆள் இல்லாத எடத்துல ஆயிரம் விழும். நாளைக்கு வர வேண்டாம்."

தங்கமுத்து வெளியே நின்றிருந்தார். அவள் அவரைக் கடந்து போனாள். அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். வானம் வெளுத்திருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை.

பத்து நாள் கழித்து, விட்டுப்போன தூக்குச்சட்டியையும் குடையையும் எடுக்க அவள் குவாரிக்கு வந்தாள். கீரனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பேசியிருந்தாள், சம்பளம் பாதிதான். நாற்காலியில் வசந்தகுமார் உட்கார்ந்திருந்தான். முப்பது வயசு இருக்கும், சிரித்த முகம். வாங்கக்கா என்று எழுந்தான். ராஜா முகமது புதன்கிழமையே வந்து தகடு, விசிறி எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டுப் போனதாகவும், பெட்டி பறக்கிறதாகவும் சொன்னான். பழைய வரியையும் அவர் திருப்பி மாற்றிவிட்டாராம்.

செவந்தி குனிந்து தூக்குச்சட்டியை எடுக்கும்போது மேஜைக்கு அடியில் பார்த்தாள். பெட்டியின் முன்வாயில் ஒரு வெள்ளைத் துணி இறுகக் கட்டியிருந்தது. கீழே தரையில் இரண்டு சொட்டுத் தண்ணீர்.

"தம்பி, இதக் கட்டாதப்பா. பாய் சொல்லலையா?"

"சொன்னாருக்கா. அவருக்கென்ன, கீரனூர்ல ஏசிக்குள்ள உக்காந்து சொல்லிருவாரு. இங்க அடிக்கிற தூசிக்குக் கட்டலைன்னா ஒரு மாசம் தாங்குமா? நீங்களே நாலு வருஷம் கட்டித்தானே ஓட்டுனீங்க."

அவள் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். அவன் தடுக்கவில்லை. அதைச் சுருட்டித் தூக்குச்சட்டிக்குள் போட்டுக்கொண்டாள். என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டான். அவள் படி இறங்கும்போது, மேஜை இழுப்பறை திறக்கும் சத்தமும், வாளியில் தண்ணீர் சளக்கென்ற சத்தமும் பின்னால் கேட்டன.

ரோட்டுக்கு வந்து பஸ் நிற்கும் இடத்தில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தடுப்பு தெரியும். அதற்கு அப்பால் வரிசை. சிவப்புக் கல்லுக்குப் புதிதாகக் காவி அடித்திருந்தார்கள். டிரைவர்கள் பாதி மரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சங்கு ஊதியது.

தடுப்பு எழுந்தது. ஒரு லாரி வந்தது. அவள் விநாடிகளை எண்ண ஆரம்பித்தாள். நாற்பது எண்ணும்போது அடுத்த லாரி வந்தது. சரியாக இருந்தது. கீரனூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் தட்டினார். அவள் ஏறவில்லை. பஸ் போனது. மறுபடி எண்ணினாள். நாற்பத்தாறு. அடுத்ததற்கு நாற்பத்தொன்பது.